எட்டாயிரம் வெள்ளிக் காணொளி: ஒரு சிறிய அறநிறுவனத்தின் கேள்விக்குப் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வகையில் முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் உங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் துணைப்பாடமும், நெருக்கடியில் உள்ள குடும்பங்களுக்கு மாதந்தோறும் மளிகைப் பொருள்களும் வழங்கும் சிறிய அமைப்பு உங்களுடையது. கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் ஐபிசி தகுதி இருக்கிறது, முழுநேர ஊழியர் ஒருவர் இருக்கிறார், மற்ற எல்லாரும் தொண்டூழியர்கள். தீபாவளிக்கு முன்பு மூன்று நிமிடக் காணொளி ஒன்றைத் தயாரித்து ஃபேஸ்புக்கிலும் யூடியூபிலும் பரப்ப ஒரு தயாரிப்பு நிறுவனம் 8,000 வெள்ளி கேட்கிறது; ‘ஒரு லட்சம் பார்வைகளுக்கு உத்தரவாதம்’ என்றும் சொல்கிறது. செயற்குழுவில் பாதிப் பேர் ஆர்வமாக இருக்கிறார்கள், பாதிப் பேர் தயங்குகிறார்கள். எடுக்கலாமா, எடுத்தால் தமிழிலா ஆங்கிலத்திலா, கூகளின் இலவச விளம்பரம் உதவுமா என்பன நீங்கள் கேட்டவை. ஆனால் சென்ற ஆண்டு நன்கொடை குறைந்துவிட்டது, இது அதை ஈடுகட்டுமா என்று கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். செயற்குழு உண்மையில் முடிவெடுக்க வேண்டியது அதைப் பற்றித்தான்; ஆகவே என் பதிலும் அதைச் சுற்றியே அமைகிறது.

நான் சில ஆண்டுகள் விளம்பரத் துறையிலும், அதன்பின் இங்குள்ள சமூக சேவை அமைப்புகளின் தொடர்புப் பிரிவிலும் வேலை பார்த்தவன். சட்டம் படித்தவன் அல்லன். விதிகளைப் பற்றிக் கீழே சொல்வதை உங்கள் கணக்காய்வாளரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனை நிதிகள், அனைத்துலகத் தொண்டு அமைப்புகள் ஆகியவற்றின் அளவில் எனக்கு அனுபவம் இல்லை. உங்களைப் போன்ற சிறிய அமைப்புகளை மனத்தில் வைத்தே பேசுகிறேன். என் கருத்தை நேராகச் சொல்வதானால், இந்த விலைக்கு இந்த உத்தரவாதத்தை நம்பி ஒப்பந்தம் செய்ய வேண்டாம். காணொளி உங்களுக்குத் தேவைதான். ஆனால் அது உங்களை ஏற்கெனவே ஓரளவு அறிந்தவர்களுக்காக எடுக்கப்பட வேண்டும். முன்பின் தெரியாதவர் காணொளியைப் பார்த்த மாத்திரத்தில் பணம் அனுப்புவார் என்று திட்டமிடுவது சிறிய அமைப்புக்குக் கட்டுப்படியாகாது.

ஒரு லட்சம் பார்வை என்ற எண்ணை முதலில் பார்ப்போம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுபவர்கள். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் அது 3.3 விழுக்காடாக இருந்தது. நாற்பது லட்சம் சிங்கப்பூர்வாசிகள் என்று வைத்துக் கணக்கிட்டால், தொடக்கப்பள்ளிப் பிள்ளை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை எல்லாரையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வருகிறார்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தமிழ்நாட்டு ஊழியர்கள் இந்தக் கணக்கில் இல்லை. தமிழ் புரிந்தாலும் வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்களும் இல்லை. ஆகவே தமிழ்க் காணொளிக்கு இங்கே கிடைக்கக்கூடிய கூட்டம் இதைவிடப் பெரியதுதான். என்றாலும், தமிழில் எடுத்த ஒரு துணைப்பாட அமைப்பின் காணொளிக்குச் சிங்கப்பூரிலேயே ஒரு லட்சம் பார்வை என்று ஒருவர் உத்தரவாதம் தருகிறார் என்றால், அந்தப் பார்வைகள் எங்கிருந்து வரப்போகின்றன என்று கேட்டாக வேண்டும்.

பெரும்பாலும் அவை தமிழ்நாட்டிலிருந்து வரும். இதில் மோசடி எதுவும் இல்லை. விளம்பரத்தில் மொழியைத் தமிழ் என்று குறித்து, நாட்டைக் குறிக்காமல் விட்டுவிட்டால் போதும். அங்கே விளம்பரக் கட்டணம் மிகக் குறைவு என்பதால் சில நூறு வெள்ளிக்கே எண்ணிக்கை மளமளவென்று ஏறும். பார்த்தவர்கள் உண்மையான மனிதர்கள்தாம். ஆனால் அவர்களிடம் இங்குள்ள வங்கிகளின் உடனடிப் பணமாற்று வசதியான பேநவ் இல்லை. உங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் வந்து பாடம் சொல்லித்தரவும் அவர்களால் முடியாது. மேலும், ‘பார்வை’ என்பது எல்லாத் தளங்களிலும் ஒன்றல்ல. ஃபேஸ்புக் விளம்பர அறிக்கைகளில் நெடுங்காலம் புழங்கிய அளவு மூன்று வினாடி. யூடியூபில் தாவிச் செல்லக்கூடிய விளம்பரம் என்றால் முப்பது வினாடி பார்த்திருக்க வேண்டும், அல்லது அதைவிடக் குறுகியதாக இருந்தால் முழுவதும் பார்த்திருக்க வேண்டும். யூடியூப் ஷார்ட்ஸிலோ 2025 மார்ச் 31 முதல் காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை. கட்டைவிரல் அடுத்ததற்குத் தள்ளிவிடும் அந்த அரை நொடியும் கணக்கில் சேரும். ஆகவே அந்த நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: பார்வை என்பதற்கு உங்கள் அளவு என்ன, எந்த நாட்டில், சராசரியாக எத்தனை வினாடி. இதே போன்ற பழைய வேலை ஒன்றின் யூடியூப் ஸ்டுடியோ அறிக்கையில் நாடுவாரிப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுபவரோடு மேற்கொண்டு பேசலாம்.

படம் காட்டி நிதி திரட்டுவது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் நட்சத்திரங்கள் சாகசம் செய்ய, நோயாளிகளின் கதைகள் இடையே வர, தொலைக்காட்சி அறநிதி நிகழ்ச்சிகள் லட்சக்கணக்கில் பணம் சேர்த்ததை உங்கள் செயற்குழுவின் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். ‘காணொளி எடுத்தால் பணம் வரும்’ என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நிகழ்ச்சிகளில் கண்ணீரைவிட முக்கியமான ஒன்று இருந்தது: திரையில் 1900 என்று தொடங்கும் எண் ஓடிக்கொண்டே இருக்கும், தொலைபேசியை எடுத்து அந்த எண்ணை அழுத்தினால் போதும், குறிப்பிட்ட தொகை மாதாந்தரத் தொலைபேசிக் கட்டணத்தில் சேர்ந்துவிடும். உருகிய மனத்துக்கும் கொடுத்து முடித்த செயலுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. 2005இல் நன்கொடைப் பணம் செலவான விதம் பற்றிய தேசியச் சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெடித்தபின் கொடையாளர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள், அறநிறுவன ஆணையரின் மேற்பார்வையும் இறுகியது. இன்றைய காணொளி அந்தக் குறுகிய பாதையையும் இழந்திருக்கிறது, கேள்வி கேட்காத அந்த நம்பிக்கையையும் இழந்திருக்கிறது.

பாதையை எடுத்துக்கொள்வோம். சிறிய அமைப்புகளின் காணொளிகளில் நான் அடிக்கடி காணும் ஒரு குறை உண்டு. கடைசிக் காட்சியில் பேநவ் கியூஆர் குறியீடு ஐந்து வினாடி தோன்றி மறைகிறது. பார்ப்பவர் கைப்பேசியில் பார்க்கிறார். அதே கைப்பேசியால் அதன் திரையில் உள்ள குறியீட்டை எப்படி ஒளிவருடுவது? காணொளியை நிறுத்தி, திரையைப் படம்பிடித்து, வங்கிச் செயலியைத் திறந்து, படத்தொகுப்பிலிருந்து அந்தப் படத்தை ஏற்ற வேண்டும். இளையவர்கள் செய்வார்கள், ஐம்பது வெள்ளி கொடுக்க மனம் உள்ள அறுபது வயது அத்தை செய்யமாட்டார். கியூஆர் குறியீடு கோயில் அன்னதானக் கூடத்தின் அறிவிப்புப் பலகைக்கும் தொலைக்காட்சித் திரைக்கும் ஏற்றது. கைப்பேசிக் காணொளிக்கு பேநவ் வழி பணம் பெற உதவும் உங்கள் யுஇஎன் பதிவு எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். அந்த எண்ணையும் நன்கொடைப் பக்கத்தின் இணைப்பையும் விளக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே இடுங்கள். பேநவ் வழி வரும் பணத்துக்கு வரிக்கழிவு தானாகக் கிடைத்துவிடாது என்பதையும் மறக்க வேண்டாம். 2011 முதல் கழிவு வேண்டுபவர் தம் அடையாள எண்ணை உங்களிடம் தர வேண்டும், நீங்கள் அதை வருவாய் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ரசீதை மட்டும் காட்டிக் கோர முடியாது. அதற்குப் பாதுகாப்பான படிவம் ஒன்று வேண்டும், அல்லது அந்த வேலையைச் செய்துதரும் கிவிங் எஸ்ஜி போன்ற தளம் வேண்டும்.

நம்பிக்கை இன்னும் கடினமானது. 2021 இறுதியில் வங்கிப் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் பலர் சேமிப்பை இழந்தபின், வங்கிகளே 2022 தொடக்கத்தில் தங்கள் குறுஞ்செய்திகளிலிருந்து இணைப்புகளை நீக்கிவிட்டன; பதிவு செய்யாத அனுப்புநரின் செய்திகள் 2023 ஜனவரி இறுதி முதல் ‘மோசடியாக இருக்கலாம்’ என்ற முத்திரையோடு வருகின்றன. தெரியாத இணைப்பைத் தொடாதே என்று சமூக மன்றத்திலும் பள்ளியிலும் வானொலியிலும் ஓயாமல் சொல்லப்படும் ஊரில், தெரியாத அமைப்பு ஒன்று கண்ணீர்க் காணொளியோடு இணைப்பு அனுப்பினால் மக்கள் அதைத் தொடாமல் இருப்பதுதான் சரி. அதே காணொளியை உங்கள் துணைப்பாட வகுப்பில் படித்த பையனின் அப்பா தம் வாட்ஸ்அப் குழுவில், ‘இவர்களை எனக்குத் தெரியும், நேரில் பார்த்திருக்கிறேன்’ என்ற ஒரு வரியோடு பகிர்ந்தால் நிலைமை வேறு. உங்களை அறிந்தவர்களுக்காக எடுங்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான்: அறிமுகம் இல்லாத இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்லப்போகிறவர்கள் அவர்களே, அவர்கள் கூச்சமின்றிப் பகிரக்கூடிய ஒன்றைச் செய்துகொடுப்பதே உங்கள் வேலை. நன்கொடைப் பக்கத்தையும் அறிமுகமான தளத்தில் வையுங்கள். இணைய நிதிதிரட்டுத் தளங்களுக்கு அறநிறுவன ஆணையர் 2018 ஜனவரியில் ஒரு நடைமுறைக் கோவையை அறிமுகப்படுத்தினார்; கிவிங் எஸ்ஜி, கிவ் ஏசியா, ரே ஆஃப் ஹோப் போன்றவை அதை ஏற்றுக்கொண்டவை. சந்தேகப்படுபவர் அறநிறுவனங்களுக்கான அரசாங்க இணையவாசலில் உங்கள் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம் என்று காணொளிக்குக் கீழே எழுதுவதற்கு ஒரு காசும் செலவாகாது.

அடுத்து, செயற்குழுவில் தயங்குபவர்களுக்கு உதவும் ஒரு கணக்கு. ஐபிசி தகுதி உள்ள அமைப்பு ஒரு நிதியாண்டில் நிதி திரட்டுவதற்காகச் செய்யும் செலவு, அந்த ஆண்டில் நிதிதிரட்டு வழியாகவும் ஆதரவுத்தொகையாகவும் வந்த மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. 8,000 வெள்ளிக் காணொளி அந்த வரம்புக்குள் தன் காலில் நிற்க வேண்டுமென்றால், ஏறத்தாழ 26,700 வெள்ளியைக் கொண்டுவர வேண்டும். விதி ஆண்டு முழுவதற்கும் சேர்த்துத்தான் பார்க்கிறது என்பதால் மற்ற வரவுகள் இதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நன்கொடை குறைந்த ஆண்டில், அதே ஆண்டில் நிதிதிரட்டு விருந்து ஏதும் இருந்து அதன் செலவும் சேரும்போது, தாங்கும் இடம் அதிகம் இருக்காது. உங்கள் அமைப்புக்கு ஒரு தனிநபர் சராசரியாக எவ்வளவு தருகிறார் என்று பொருளாளரிடம் கேளுங்கள். ஐம்பது வெள்ளி என்றால், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட புதியவர்கள் வந்தாக வேண்டும். உங்கள் நன்கொடையாளர் பட்டியலில் இன்று மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்த எண்ணோடு ஒப்பிட்டால் விவாதம் பாதி முடிந்துவிடும்.

அப்படியானால் எதை எடுப்பது? ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் மூன்று நான்கு சிறு காணொளிகளை, நல்ல கைப்பேசி ஒன்றில், நீங்களே எடுங்கள். நூறு வெள்ளி செலவழிப்பதாக இருந்தால் அதைச் சட்டையில் செருகும் ஒலிவாங்கிக்குச் செலவிடுங்கள், கேமராவுக்கு அல்ல. வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் சுவரும் தரையும் கூரையும் கான்கிரீட் என்பதால் குரல் எதிரொலித்துக் குழறும், மின்விசிறி இரையும், யாரோ ஒருவர் சைக்கிள் மணியை அடிப்பார். மங்கலான படத்தை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், புரியாத பேச்சைப் பொறுப்பதில்லை. எதைக் காட்டுவது என்பதில் என் ஆலோசனை, வறுமையைக் காட்டாமல் வேலையைக் காட்டுங்கள் என்பது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மடக்கு மேசைகளை விரிக்கும் தொண்டூழியரின் கை, பின்னக் கணக்கில் மூன்றாவது முறையாகத் தடுமாறும் சிறுமிக்குத் தாளை நான்காக மடித்துக் காட்டும் பல்கலைக்கழக மாணவி, அரிசி, பருப்பு, எண்ணெய், மைலோ என்று பட்டியலைப் பார்த்துப் பையில் அடுக்கும் ஓய்வுபெற்ற தாதி. ஐம்பது வெள்ளி அந்தப் பையில் என்னென்னவாக மாறுகிறது என்று ஒருவர் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்துச் சொல்லும் நாற்பது வினாடி, சோக இசையோடு ஓடும் மூன்று நிமிடத்தைவிட நம்பவைக்கும். இசையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று: திரைப்படப் பாடலைப் பின்னணியில் போடாதீர்கள். யூடியூபின் உரிமைகோரல் அமைப்பு அதைக் கண்டுபிடித்து ஒலியை முடக்கலாம், காணொளியையே சில நாடுகளில் தடுக்கலாம். சில தளங்களில் அமைப்பின் பெயரில் உள்ள கணக்குகளுக்கு இசைத் தெரிவு தனிநபர் கணக்குகளைவிடக் குறுகியது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. யூடியூபின் இலவச ஒலித்தொகுப்பே போதும்.

பிள்ளைகளைக் காட்டுவதில் மிகுந்த கவனம் தேவை. முகத்தை மங்கலாக்கிவிட்டோம், பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைகிறார்கள். ஆனால் இந்த ஊரில் பள்ளிச் சீருடையின் நிறமே பள்ளியைச் சொல்லிவிடும், தாழ்வாரச் சுவரில் தெரியும் புளோக் எண் வீட்டைச் சொல்லிவிடும், இரண்டும் சேர்ந்தால் வகுப்புத் தோழர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். இந்தியச் சமூகம் சிறியது. ‘உங்க வீட்டுக்குத்தானே அரிசி வருது’ என்ற ஒரு கேள்வியை ஒரு பிள்ளை பள்ளி உணவகத்தில் எதிர்கொள்ள நேர்ந்தால் அதற்கு நீங்கள்தான் காரணம். உங்களிடம் படித்து இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ வேலையிலோ இருக்கும் ஒருவர், பதினெட்டு வயதைக் கடந்தவர், தாமாக முன்வந்து பேசுவது எல்லா வகையிலும் மேல். எப்படியானாலும் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். பெற்றோருக்கு எந்த மொழி வசதியோ அந்த மொழியில் விளக்குங்கள். எங்கெங்கே வெளிவரும், எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்லுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அறநிறுவனங்களுக்கும் பொருந்தும்; அதன்படி தந்த ஒப்புதலைப் பின்னர் மீட்டுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. உதவி பெறுபவர் ‘வேண்டாம்’ என்று சொல்லத் தயங்குவார் என்பதையும் மனத்தில் வையுங்கள். கேட்பவர் மளிகைப் பையைக் கொண்டுவரும் அதே ஆளாக இல்லாமல் வேறொருவராக இருப்பது நல்லது. யூடியூபில் ஏற்றும்போது வரும் ‘குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டதா’ என்ற கேள்விக்கு, பிள்ளைகள் தோன்றுகிறார்கள் என்பதற்காக ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். அது பார்வையாளர் யார் என்பதைப் பற்றிய கேள்வி. ஆம் என்றால் கருத்துப் பகுதி உட்பட சில வசதிகள் அடைபட்டுவிடும்.

மொழியைப் பொறுத்தவரை என் விடை, பேச்சு தமிழில், வசனவரிகள் ஆங்கிலத்தில். செய்தி வாசிக்கும் தமிழ் வேண்டாம். உங்கள் தொண்டூழியர் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறாரோ அப்படியே, இடையில் ஆங்கிலம் கலந்தாலும் சரி. முப்பது வயது இந்திய வழக்கறிஞர் ஒருவர் தம் அலுவலகத்தில் இதைக் காட்டி நிதி கேட்க நினைத்தால் ஆங்கில வரிகள் அவருக்கு உதவும். ஒலியை அடைத்துவைத்து எம்ஆர்டி ரயிலில் பார்ப்பவருக்கும் அவையே துணை. அத்தைமார்களுக்கும் மாமாக்களுக்கும் தமிழ்க் குரல் போதும். தானாக உருவாகும் வசனவரிகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் உருக்குலைந்து வரும். நீங்களே எழுதி எஸ்ஆர்டி எனும் வசனவரிக் கோப்பாக ஏற்றுங்கள். திரையில் தமிழ் எழுத்து வருவதாக இருந்தால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இறுதி வடிவத்தைப் பார்த்தே ஆக வேண்டும். அடோபி பிரீமியரில் தெற்காசிய எழுத்துமுறைக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொடை’ என்ற சொல்லில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், தமிழ் தெரியாத படத்தொகுப்பாளர் அதைக் கவனிக்கவே மாட்டார். பொது அறிவிப்புகளில் உடைந்த தமிழைப் பார்த்துப் பார்த்துப் புண்பட்ட சமூகம் நாம். தமிழ்ப் பிள்ளைகளுக்கான அமைப்பே அப்படி வெளியிட்டால் மன்னிக்கமாட்டார்கள்.

கூகள் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தரும் இலவச விளம்பரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது உண்மைதான். தகுதி பெற்ற அமைப்புக்கு மாதம் 10,000 அமெரிக்க டாலர் வரை விளம்பர மதிப்பு கிடைக்கும், சிங்கப்பூரிலும் கிடைக்கும். ஆனால் அது தேடல் பக்கத்தில் வரும் எழுத்து விளம்பரங்களுக்கு மட்டும். யூடியூப் காணொளியைப் பரப்ப அதைப் பயன்படுத்த முடியாது. விளம்பரத்தைக் கண்டவர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் அதைச் சொடுக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு, தவறினால் கணக்கு நிறுத்திவைக்கப்படலாம். நன்கொடை திரட்ட இதை நம்பாதீர்கள். தமிழ்த் துணைப்பாடம் தேடும் பெற்றோரையும், தொண்டூழிய வாய்ப்புத் தேடும் மாணவர்களையும் சென்றடைய இது மிகவும் பயன்படும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க ஒருவர் இருந்தால் விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

இப்போது, குறைந்துவிட்ட நன்கொடைக்கு வருகிறேன். அது ஏன் குறைந்தது என்று யாராவது பார்த்தீர்களா? புதியவர்கள் வராததாலா, பழையவர்கள் விட்டுப்போனதாலா? முந்தைய ஆண்டு கொடுத்து, சென்ற ஆண்டு கொடுக்காதவர்களின் பட்டியலை எடுங்கள். சிறிய அமைப்புகளில் குறைவின் பெரும்பகுதி அந்தப் பட்டியலில்தான் இருக்கும் என்பது என் அனுபவம். அவர்களில் ஒவ்வொருவரையும் தொண்டூழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பணம் கேட்காமல், நன்றி சொல்லி, இவ்வாண்டு என்ன நடந்தது என்று இரண்டு நிமிடம் பேசட்டும். அதன்பின் அந்த நாற்பது வினாடிக் காணொளியை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். அவர்கள் எண்ணைத் தந்தபோது இத்தகைய தொடர்புக்கு ஒப்புக்கொண்டார்களா என்று மட்டும் முதலில் பாருங்கள். நன்கொடை மட்டும் கேட்கும் செய்திகள் விற்பனை அழைப்புகள் வேண்டாம் என்பவர்களுக்கான ‘டூ நாட் கால்’ விதிகளின் விற்பனைச் செய்தி வரையறைக்குள் வருவதில்லை. அறநிதி விருந்துக்கு நுழைவுச்சீட்டு விற்பது வரக்கூடும். தகவல் பாதுகாப்பு விதிகள் இரண்டுக்கும் பொருந்தும். அடுத்ததாக, ஒருமுறை கொடுப்பவரை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் ஜைரோ வழி மாதந்தோறும் கொடுப்பவராக மாற்ற முயலுங்கள். இந்தியர்களுக்கான சுய உதவி அமைப்பான சிண்டாவின் நிதிக்குச் சம்பளத்திலிருந்து மாதம் சில வெள்ளி பிடிக்கப்படுவது இங்குள்ள இந்தியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மாதம் பத்து வெள்ளி என்ற பேச்சு அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. காலத்தையும் கவனியுங்கள். தீபாவளிக்கு முன் மக்கள் கையில் இருப்பது செலவுப் பட்டியல். வரிக்கழிவு நாட்காட்டி ஆண்டைப் பொறுத்தது என்பதால் டிசம்பரில் கொடுக்கும் மனநிலை கூடுகிறது. 100 வெள்ளி கொடுத்தால் வரிவிதிப்புக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழியும் என்ற சலுகை 2023 வரவுசெலவுத் திட்டத்தில் 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. தீபாவளிக்கு வாழ்த்தும் நன்றியும் அனுப்புங்கள். கேட்பதை நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும், கொடுப்பதை ஊக்குவிக்கும் கொடை வாரத்துக்கு வையுங்கள்.

மேலே சொன்னவற்றில் விதிகளும் தளங்களின் அளவுகளும் உறுதியானவை. காணொளி எத்தனை பேரைக் கொடுக்கவைக்கிறது என்பதோ எல்லாரும் ஊகிக்கும் விஷயம், விற்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஊகிக்கிறார்கள். ஒருவர் காணொளியை ஆகஸ்டில் பார்க்கிறார், அக்டோபரில் தேக்காவில் உங்கள் தொண்டூழியரைச் சந்திக்கிறார், டிசம்பரில் பணம் அனுப்புகிறார். எது காரணம் என்று எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. காணொளிக்கென்று தனி நன்கொடைப் பக்கம் வைப்பதும், படிவத்தில் ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்’ என்று ஒரு கேள்வி சேர்ப்பதும் ஓரளவு வெளிச்சம் தரும். செங்குத்துக் காணொளியா கிடைமட்டமா, எந்த நாள் எந்த மணிக்கு ஏற்றுவது என்பன பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகள் பெரும்பாலும் வணிகப் பக்கங்களின் அனுபவம். ஆயிரம் பேர் பின்தொடரும் அறநிறுவனப் பக்கத்துக்கு அவற்றால் பெரிய வேறுபாடு ஏற்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் செயற்குழு ஒரு நிறுவனத்தைக் கொண்டுதான் எடுப்போம் என்றால், அதிலும் தவறில்லை. நன்கொடையாளர் ஒருவர் அதற்கென்றே பணம் தருவதாக இருந்தால் நானும் சரி என்பேன். ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன காணொளியாக இருந்தாலும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் உரிமை எடுத்தவருக்கே. முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது, பழைய ஒப்பந்தப் படிவத்தையே பயன்படுத்தும் அமைப்புகள் இதை அறியாமல் இருக்கின்றன. உரிமை உங்களுக்கு மாற்றப்படும் என்றும், வெட்டாத மூலக்காட்சிகளும் வசனவரிக் கோப்பும் ஒப்படைக்கப்படும் என்றும், அதே படப்பிடிப்பிலிருந்து முப்பது வினாடித் துண்டுகள் குறைந்தது நான்கு கிடைக்கும் என்றும், ஒப்புதலை மீட்டுக்கொள்பவரின் காட்சியைக் கூடுதல் கட்டணமின்றி நீக்கித்தருவார்கள் என்றும் எழுதி வாங்குங்கள். தயாரிப்புக் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கட்டும். அவர்களுக்கு நிர்வகிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். உங்கள் யூடியூப் சேனலும் ஃபேஸ்புக் பக்கமும் இப்போது யாருடைய சொந்த மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருக்கின்றன என்பதை, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, இந்த வாரத்தில் பார்த்துவிடுங்கள்.